பூட்டும் சாவியும்

திண்டுக்கல் என்றதும் நினைவில் எழுவது மலைக்கோட்டை, அடுத்தது பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கைத்தொழில் ஓர் உண்மையைச் சொல்லாமற் சொல்கிறது. சாவியின்றி எந்தப் பூட்டும் கடைக்கு வருவதில்லை. திறக்கவே இயலாதது பூட்டன்று; வெறும் இரும்பு. சிறைத் தண்டனைக்கும் இது பொருந்துமன்றோ?

மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளிருக்க வேண்டும் என்ற விதி 1978இல் வந்தது. 1980இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. சட்டம் காலத்தை அளக்கலாம். மனமாற்றத்தை எதனால் அளப்பது?

நியூயார்க்கில் போதைப்பொருள் வழக்கொன்றில், கட்டாயத் தண்டனைச் சட்டப்படி 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை பெற்றவர் ஆன்டனி பாப்பா. சிறையிலேதான் அவர் ஓவியம் கற்றார். அங்கே தீட்டிய தம் உருவப்படம் விட்னி அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது; பின்னர் ஆளுநரின் கருணை கிட்டியது. வெளிவந்தவர் அச்சட்டத்தை மாற்றவே பாடுபட்டார்.

நம் நாட்டில், கல்கத்தாச் சிறையிலிருந்த நைஜல் அக்காராவை நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’வில் ஆடவைத்தார். கொள்ளையன் கவிஞனாகும் கதை அது. விடுதலைக்குப் பின் வேலை எளிதில் கிட்டவில்லை. அவரோ தாமே ஒரு நிறுவனம் தொடங்கி, சிறைமீண்ட பிறருக்கும் பணி தந்தார், திரைப்படத்திலும் நடித்தார்.

இங்கே ஒரு வினா எழுகிறது. கலை கைவந்தவனை உலகம் வரவேற்கிறது. எக்கலையும் அறியாது, தண்டனையை மட்டும் முடித்து வருபவன் என்ன செய்வான்? திறமைதான் மன்னிப்பின் விலையென்றால், அது மன்னிப்பாகாது, வாணிபமாகிவிடும். பாதிக்கப்பட்டவரின் கண்ணீரை எந்த ஓவியமும் துடைத்துவிடாது என்பதும் மெய்யே. ஆயினும், நீதி விதித்த அளவுக்கு மேல் தண்டிக்க நமக்கேது உரிமை? கலை செய்ததெல்லாம், குற்றவாளிக்குள்ளும் ஒரு மனிதன் இருப்பதை நமக்குக் காட்டியதே. காட்டத் தெரியாதவனுக்குள்ளும் அம்மனிதன் இருக்கிறான்.

யூசுப் நபி (அலை) அவர்கள் குற்றமேதும் அறியாதவர்கள். எனினும் அவர்களைச் சிறையில் நீடிக்கச் செய்தது, விடுதலையாகிச் சென்ற தோழனின் மறதி. வெளியிலிருப்போரின் மறதியும் ஒரு பூட்டே!

நாளை ஒருவர் தண்டனை முடித்து நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்கலாம். நம் கடையில் வேலை கேட்கலாம். அரசு தன் பூட்டைத் திறந்துவிட்டது. மற்றொரு சாவி நம் மடியில் இருக்கிறது.