காத்திருப்பின் கூலி

கப்பல் வராத நாளில் துறைமுகத் தொழிலாளி எதை உண்பான்? துறைமுகம் என்று ஒன்று தோன்றிய நாள் முதலாக இக்கேள்வியும் இருந்து வருகிறது. சரக்கு இறங்கிய நேரத்துக்கு மட்டுமே கூலி என்பான் கப்பலுக்குரியவன். ‘உன் கப்பல் வரும் என்றுதானே விடியற்காலை முதல் வாயிலில் நின்றேன், அந்த நேரம் யாருடையது?’ என்பான் தொழிலாளி. இவ்வழக்கைக் கணக்கேட்டைக் கொண்டு மட்டும் தீர்த்துவிட முடியாது. மனிதனின் காலத்துக்கு உரியவர் யார் என்னும் அறக்கேள்வி அதன் அடியில் இருக்கிறது.

அவ்வழக்கு இன்று துறைமுக வாயிலைத் தாண்டி வீட்டு அறைக்குள் வந்திருக்கிறது. திருகோணமலை நகரிலும், பாலத்துக்கு அப்பாலுள்ள கிண்ணியாவிலும், கொட்டியாரக் குடாவின் தென்புறத்து மூதூரிலும் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடல்கடந்த ஒருவருக்காக உழைக்கும் இளைஞர்களும் யுவதிகளும் உண்டு. ரொறன்ரோவிலுள்ள ஒரு கடையின் கணக்கை எழுதுவது, லண்டனிலுள்ள ஒருவரின் கடிதங்களுக்கு மறுமொழி அனுப்புவது, மெல்பேணிலுள்ள ஒரு மருத்துவரின் சந்திப்பு நேரங்களை ஒழுங்கு செய்வது, படம் வரைவது, மொழிபெயர்ப்பது என்று இவ்வகை வேலை பலவாக விரியும். இவ்வேலை செய்வோருக்கு ‘மெய்நிகர் உதவியாளர்’ என்றும் ‘ஃபிரீலான்சர்’ என்றும் பெயர். நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி கற்று வெளியேறும் பட்டதாரிக்கும், பாடசாலைப் படிப்போடு நின்றுவிட்ட குடும்பப் பெண்ணுக்கும் இது ஒரு புதிய வாயில்.

இவர்களிடம் திறமையாக வேலை வாங்குவது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களுக்கும் வகுப்புகளுக்கும் குறைவில்லை. நாம் கேட்க வேண்டியதோ வேறொன்று. கண்ணால் காணாத ஒருவரின் உழைப்பை வாங்குகிறவர் அவருக்குக் கடன்பட்டிருப்பது என்ன? பேசிய கூலியைக் கொடுத்ததும் அக்கடன் தீர்ந்துவிடுகிறதா? திறமை ஒரு கேள்வி, நியாயம் மற்றொரு கேள்வி என்று பிரித்து வைப்போர் உண்டு. சற்று ஆழ்ந்து நோக்கின், முதலாவதற்குரிய விடை இரண்டாவதற்குள்ளேயே கிடக்கிறது என்பது என் துணிபு.

‘ஃபிரீலான்சர்’ என்னும் சொல்லின் பிறப்பே சிந்தனைக்குரியது. 1819இல் வெளிவந்த வால்ட்டர் ஸ்கொட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலில், பொருளுக்காகப் போரிடும் கட்டற்ற ஈட்டி வீரர்களைக் குறிக்க அதன் மூலச்சொல் வருகிறது. ஈட்டி அவனுடையது; வேண்டாத பிரபுவை மறுத்துவிட்டு அடுத்த கோட்டைக்குப் போகும் உரிமையும் அவனுடையது. இன்றைய ஃபிரீலான்சருக்கும் கருவி சொந்தந்தான். மடிக்கணினி அவருடையது, மின்கட்டணமும் இணையக் கட்டணமும் அவருடையவை. ஆனால் மறுக்கும் உரிமை எங்கே? அடுத்த வேலை என்று வரும், வருமா வராதா என்று அறியாத ஒருவர், இந்த வேலையைக் குறைந்த கூலிக்கேனும் ஏற்கத்தானே செய்வார்? மறுக்க முடியாதவனின் சம்மதத்தைச் சுதந்திரம் என்று பெயரிட்டு அழைப்பது சொல்லுக்கும் அழகன்று, மனிதனுக்கும் அழகன்று.

துறைமுகத் தொழிலாளரின் வரலாறு இவ்விடத்தில் நமக்குப் பாடமாகிறது. 1889 ஓகஸ்டு மாதத்தில் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நாள்தோறும் காலையில் வாயிலில் கூட்டமாக நின்று, மேஸ்திரியின் விரல் தம்மைச் சுட்டாதா என்று முண்டியடித்த மக்கள் அவர்கள். மணிக்கு ஆறு பென்சு கூலி வேண்டும் என்ற கோரிக்கையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதனோடு இருந்த மற்றொரு கோரிக்கையைப் பலரும் மறந்துவிட்டனர். அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கேனும் வேலை தரவேண்டும் என்பதே அது. ஒரு மணி நேர வேலைக்காக ஒரு மனிதனின் முழுநாளையும் பாழாக்காதே என்பது அதன் பொருள். கூலியின் அளவைப் போலவே காத்திருப்பின் நியாயமும் முக்கியம் என்பதை எழுத்தறிவு குறைந்த அச்சுமைதூக்கிகள் அன்றே கண்டுகொண்டார்கள்.

அவர்கள் விதைத்தது மெல்ல முளைத்தது. 1947இல் பிரித்தானியாவில் வந்த துறைமுகத் தொழிலாளர் திட்டம், பதிவு பெற்ற தொழிலாளி வேலைக்கு வந்து நின்று வேலை கிடைக்காத நாளிலும் அவருக்கு வருகைக் கூலி அளித்தது. 1948இல் இந்தியா அதே நோக்குடன் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்வழி பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் தோன்றின. இலங்கையில், கொழும்புத் துறைமுகத்துத் தனியார் கம்பெனிகளின் கையிலிருந்த சரக்கு வேலையை 1958இல் அமைந்த துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் ஏற்றது. 1979இல் அதன் இடத்துக்கு வந்த துறைமுக அதிகாரசபையின் கீழ்தான் இன்று திருகோணமலைத் துறைமுகமும் இயங்குகிறது. பிரித்தானியத் திட்டம் 1989இல் கைவிடப்பட்டது உண்மையே. ஆயினும், காத்திருப்பதும் உழைப்பின் ஒரு பகுதி என்ற கொள்கை ஒருமுறை சட்டத்தில் ஏறிவிட்டது. அதை மறந்தோம் என்று சொல்லலாமே தவிர, அறியோம் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இன்றைய வாயிலோ கண்ணுக்குத் தெரியாதது. இணையச் சந்தையில் ஒருவர் ஒரு வேலையை அறிவிக்கிறார். பல நாடுகளிலிருந்து பலர் விண்ணப்பம் எழுதுகிறார்கள். தெரிவாகிறவர் ஒருவர். எஞ்சியோர் விண்ணப்பத்துக்குச் செலவிட்ட மணிகளுக்குக் கணக்கில்லை. தெரிவானவருக்கும் முழுக்கூலி கைக்கு வருவதில்லை. ஃபைவர் என்னும் சந்தை வேலை செய்தவரின் வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்கை எடுத்துக்கொள்கிறது. நியூயோர்க்கில் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் அலுவலைத் தொடங்கினால், அங்கு கோடையாயின் திருகோணமலையில் மாலை ஆறரை. அவர் ஐந்து மணிக்கு எழுந்து வீடு செல்லும்போது இங்கே பின்னிரவு இரண்டரை. இலங்கையில் ஒரு காரியாலய ஊழியருக்கு, அவர் சம்பளத்தில் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் சேர்த்துச் சேமலாப நிதியில் இட வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நள்ளிரவில் உழைக்கும் இந்த உதவியாளருக்கு அக்காசும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஏனெனில் அவர் ‘ஊழியர்’ அல்லர், ‘ஒப்பந்தக்காரர்’.

1770இல் ஐரோப்பாவில் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்றைச் செய்து அரசவையில் காட்டினார். இயந்திரம் சிந்திக்கிறது என்று கண்டோர் வியந்தனர். உள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான். 2005இல் அமேசன் கம்பெனி சிறுசிறு வேலைகளை இணையத்தின்வழிப் பகிர்ந்தளிக்கும் சந்தையைத் தொடங்கியபோது, ‘மெக்கானிக்கல் டேர்க்’ என்று அவ்வியந்திரத்தின் பெயரையே அதற்கு இட்டது. பெயரிட்டோர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மனிதன் உள்ளே இருக்கிறான். ஆனால் அவன் தெரியக்கூடாது.

தெரியாதிருக்க வேண்டிய அம்மனிதனை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் ஏற்பாடு உண்டு. அப்வொர்க் என்னும் சந்தையில் மணிக்கணக்கு வேலை செய்வோரின் கணினித் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மணிக்கு ஆறு முறை படமெடுத்து வேலை தந்தவருக்குக் காட்டும் முறை இருக்கிறது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்ற சொல் எத்தகைய அச்சத்தைச் சுமந்து நின்றது என்பதை நம் மக்கள் அறிவர். அக்கங்காணிக்குக்கூட வீடு திரும்பும் நேரம் ஒன்றிருந்தது. இவனோ தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறான்.

‘இருவரும் விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம், இதில் அநியாயம் எங்கே? கனடாவில் சிறிதான டொலர் திருகோணமலையில் பெரிது அல்லவா?’ என்று கேட்போர் உண்டு. இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியபோது, டொலரில் கூலி பெற்றவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் வேலை தவறியதற்கு ஈடு செய்தவர் யார்? இலாபத்தைப் பேசும் ஒப்பந்தம் இடரைப் பேசவில்லையாயின், இடர் முழுவதும் எளியவர் தலையில் விழும் என்பதே அதன் எழுதப்படாத விதி. உழைப்பு ஒரு விற்பனைப் பண்டம் அன்று என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1944இல் பிலடெல்பியாவில் பிரகடனம் செய்தது. பண்டமாயின் வாங்கிய பொருளுக்கு விலை கொடுத்ததும் உறவு முடிந்துவிடும். உழைப்போடு ஒரு மனிதரின் இரவும் கண்ணும் முதுகும் கூடவே வருகின்றன.

நம்மவரிடையே இதற்கு மற்றொரு முகமும் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் உறவினர் சிலர் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு இவ்வேலையைத் தருகிறார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் ‘தம்பி, இதையும் ஒருக்கால் பார்த்துத் தாரும்’, ‘தங்கச்சி, நாளைக்கு விடிய முன்னம் வேணும்’ என்று உறவின் பெயரால் கூலியில்லா வேலை வளர்ந்துகொண்டே போகிறது. கேட்பவர் உதவி செய்கிறோம் என்று எண்ணுகிறார். செய்பவர் நன்றி மறந்தவர் என்ற பெயருக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கிறார். அந்நியனிடம் கேட்டிருக்கக்கூடிய நியாயத்தை உறவினனிடம் கேட்க முடியவில்லை. தர்மம் வேறு, கூலி வேறு. கூலியைத் தர்மமாக்கினால் இரண்டும் கெடும்.

நியாயமான வேறு வழக்கத்தைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெருகல் பக்கத்து இலங்கைத்துறை முதல் நகருக்கு வடக்கே நிலாவெளி வரை நீளும் இம்மாவட்டக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் தொழில் பழமையானது. வலை சம்மாட்டியுடையது, இழுக்கும் கைகள் பலருடையவை. பட்ட மீனில் செலவு போகப் பங்கு பிரிப்பார்கள். அதிலும் சம்மாட்டியின் பங்கு பெரிது; கடன் உண்டு, சண்டை உண்டு. அதைப் பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. எனினும் வலை வெறுமையாக வந்தால் அந்த வெறுமையில் சம்மாட்டிக்கும் பங்குண்டு. முகம் பார்த்து உழைக்கும் இடத்தில் இடரை முழுவதும் ஒருவர் மேல் தள்ளிவிட்டு எழுந்து போக முடியாது. தொலைவு அதை எளிதாக்கிவிட்டது என்பதுதான் இன்றைய கேடு.

ஆகவே, தொலைவிலுள்ளவரிடம் வேலை வாங்குவோருக்குரிய கடமைகள் தெளிவானவை. எது வேண்டும், எதற்காக வேண்டும், எப்போது வேண்டும், முடிந்த வேலை எப்படி இருக்கும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். கூடுமாயின் மாதிரி ஒன்றையும் காட்ட வேண்டும். நம் மனம் மாறியதால் வேலை மீண்டும் செய்யப்படுமாயின், அதற்குக் கூலி நம்முடையது. பரீட்சை வேலை என்று சொல்லி இலவசமாக வாங்குவது களவு. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் உறுதி என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாத மாதத்திலும் அதைக் கொடுப்பது வருகைக் கூலியின் இக்கால வடிவம். வேலை நிற்கப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறு நேர்ந்தால், நம் கட்டளை விளங்கும்படி இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவரது இரவை நம் பகலாக எண்ணக்கூடாது.

இவற்றை வரிசையாகப் படிப்பவர், திறமையாக வேலை வாங்கும் முறையும் இதுவே அல்லவா என்று வியக்கக்கூடும். ஆம், இதுவேதான். நோக்கத்தை அறிந்தவர் கட்டளையில் விடுபட்டதையும் நிரப்பிச் செய்வார். அடுத்த மாதம் நிச்சயம் என்று அறிந்தவர் பத்துப் பேருக்கு விண்ணப்பம் எழுதும் நேரத்தை நம் வேலைக்குத் தருவார். அஞ்சாதவர் தவறை மறைக்கமாட்டார். ஆயினும் ஆதாயம் வரும் என்பதற்காக மட்டும் நியாயம் செய்கிறவர், ஆதாயம் நின்ற அன்றே நியாயத்தையும் நிறுத்திவிடுவார். ஆதலால் கடமையை முதலில் வைப்போம். திறமை அதன் பின்னே வரட்டும்.

வேலை செய்வோருக்கும் கடமை உண்டு. முடியாத வேலையை முடியும் என்று ஏற்கலாகாது. தடை வந்தால் கடைசி நாள் வரை மறைத்து வைக்காமல் உடனே சொல்ல வேண்டும். நம்பித் தந்த வேலையை அவர் அறியாமல் பிறரிடம் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும், தம்மேல் நடந்த அநியாயத்தைத் தாமே மற்றொருவர்மேல் நடத்துவதுதான்.

தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதுமா? போதாது. நியூயோர்க் நகரம் 2017இல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 800 டொலருக்குக் குறையாத ஃபிரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்; வேறு நாள் குறிக்காவிடின் வேலை முடிந்து 30 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டந்தான். ஆனால் 150 டொலர் பாக்கிக்காகத் திருகோணமலையிலிருந்து நியூயோர்க்குக்கு வழக்காடப் போகிறவர் யார்? சட்டத்துக்கு எல்லை உண்டு, சந்தைக்கு இல்லை. அந்த இடைவெளியில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே முதற்படி. இன்ன வேலைக்கு இன்னதற்குக் குறைந்து ஏற்பதில்லை என்று ஓர் ஊரின் இளைஞர்கள் தமக்குள் பேசிக்கொள்ளலாம். கூலி தராது ஏய்த்தவரின் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லி எச்சரிக்கலாம். வேலை குறைந்த மாதத்துக்கென்று கூட்டாகச் சேமிக்கலாம். கூட்டுறவுச் சங்கம் என்பது இம்மாவட்டத்து மீனவர்களும் விவசாயிகளும் அறியாத பொருளன்று.

‘கண்டங்கள் கடந்து சிதறிக் கிடப்போர் ஒன்று சேர்வதெப்படி?’ என்று மலைப்போர்க்கு ஒரு செய்தி. 1889இல் லண்டன் தொழிலாளர் பட்டினியின் விளிம்பில் நின்றபோது, அவுஸ்திரேலிய மக்கள் 30,000 பவுணுக்கு மேல் திரட்டி அனுப்பினார்கள். அப்பணத்தின் வலிமையால் வேலைநிறுத்தம் வென்றது. அனுப்பியவர்கள் லண்டன் வாயிலில் நின்றவர்களின் முகத்தைக் கண்டவர்கள் அல்லர். அவர்கள் காத்திருப்பின் துன்பத்தை மட்டும் அறிந்திருந்தார்கள். தந்தி ஒன்றே துணையாயிருந்த அக்காலத்தில் அது இயன்றதென்றால், நொடிப்பொழுதில் கடல்கடந்து பேச வல்ல நமக்கு இயலாது என்று யார் சொல்வது?