தியாகமா, இழப்பா?

தானங்களுள் வித்தியாதானத்தைச் சைவப் பெரியோர் உயர்வாகப் போற்றுவர். ஆறுமுகநாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி அமைத்தார். 1945 இல் வந்த இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது.

வன்னியில் அவ்வழியைப் போர் பலமுறை மறித்தது. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த விமானக் குண்டுகளுக்கு உயர்தர வகுப்பு மாணவியர் பலர் பலியாயினர். 2009 ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சைக்குச் செட்டிகுளம் முகாம்களிலிருந்தே பிள்ளைகள் தோற்றினர். அவர்களைப் பெருமையோடு நினைப்பவர் பலர். ஆனால் பரீட்சை மண்டபத்துக்கு வராமலே நின்றுவிட்ட பெண்பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

போரிலே தந்தையை இழந்த வீடுகளில் தாய் கூலிக்குப் போனாள். மூத்த மகள் அடுப்பையும் தம்பி தங்கையரையும் பொறுப்பேற்றுப் பள்ளிப் படிப்பை நிறுத்தினாள். வேறு சில வீடுகளில், பிள்ளையைக் காப்பாற்றும் எண்ணத்தில், இளவயதிலேயே மணம் முடித்து வைத்தனர். "குடும்பத்துக்காகத் தன்னையே தியாகம் செய்த பிள்ளை" என்று ஊர் அவளைப் புகழ்கின்றது.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. கொடாதிருக்கவும் இயலும் நிலையில் ஒருவர் மனமுவந்து கொடுப்பதே தியாகம். வேறு வழியின்றிப் பறிபோனது இழப்பு. இழப்புக்குத் தியாகம் என்று பெயரிட்டுவிட்டால், அதனை ஈடுசெய்யும் கடமை ஒருவருக்கும் இல்லாமற் போகின்றது. புகழ்ச்சி, புகழ்பவரின் கடனைத் தீர்த்துவிடாது.

வீடு பசித்திருக்கப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, தம்பியாவது படிக்கட்டுமே என்பர் சிலர். அத்தாயைக் குறை கூறுவது அறமன்று. இரண்டு துன்பங்களுள் ஒன்றையே அவளாற் தெரிய முடிந்தது. மூன்றாவது வழியொன்றை அவளுக்குத் திறந்து விடுவதே அயலவரின் அறம். திருமண வயது 1995 முதல் பதினெட்டு. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் பதினாறு. சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை அழைத்து வரலாம். வீட்டில் உலை வைக்காது. 2021 இல் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகமே கிடைத்தது. ஆயினும் ஒன்பதாம் வகுப்பில் நின்றவளுக்கு அது எட்டாத் தூரமே.

திருவிழாச் செலவில் ஒரு பங்கு, பஸ் கட்டணத்துக்கும் மாலை வகுப்புக்கும் உதவட்டும். தாய் வேலையால் திரும்பும்வரை சின்னஞ்சிறாரைப் பார்த்துக்கொள்ள அயல்வீட்டார் முன்வரட்டும். இடையில் நின்றவள் இருபது வயதிலும் மீண்டும் பரீட்சை எழுத வழி செய்யப்படட்டும். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுத்தல் வேண்டாம். கடன் திருப்பிக் கொடுப்பவர் மாலையை எதிர்பார்ப்பதில்லை.

கல்வியை மணற்கேணியின் ஊற்றுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். தண்ணீரூற்று என்று பெயர் பூண்ட மண்ணுக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மண் மூடிய ஊற்று வற்றியதாகாது. தோண்டுவோர் கைதான் வேண்டும். ஊற்றங்கரை சித்திவிநாயகப் பெருமான் அதற்கு அருள்புரிவாராக.