வாங்கிய பின் வரும் வருத்தம்

கொடுக்கல் வாங்கல் உலகில் தோன்றிய நாளிலேயே, வாங்கிய பின் கை பிசைந்து நிற்கும் வருத்தமும் தோன்றிவிட்டது. மாட்டை வாங்கியவரும் வருந்தியிருக்கிறார். மனையை வாங்கியவரும் வருந்தியிருக்கிறார். பெட்ரோல் வண்டியை விட்டு மின்சாரக் காருக்கு மாறியவர்களில் பலர் இன்று அதே வருத்தத்தில் இருக்கிறார்கள். வண்டி ஓடாமலில்லை. ஆனால், "இன்று விற்றால் என்ன கிடைக்கும்?" என்று விசாரித்தபோது கிடைத்த பதில் அவர்கள் நெஞ்சைச் சுட்டுவிட்டது. இந்த வருத்தம் எந்த அளவுக்கு நியாயமானது, அதன் காரணமாக நாம் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை மார்க்கத்தின் ஒளியில் சிறிது ஆராய்வோம்.

முதலில் நடப்பைப் பார்ப்போம். டாட்டா நிறுவனம் 2020 ஜனவரியில் நெக்ஸான் மின்சாரக் காரை ஏறத்தாழ 14 லட்ச ரூபாய் தொடக்க விலையில் நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2024 பிப்ரவரியில் நெக்ஸானின் விலையில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரை குறைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகைக் காலச் சலுகையாக 3 லட்சம் வரை குறைத்தது. மின்சாரக் காரின் விலையில் பெரும்பங்கு பாட்டரிக்கே உரியது. 2010ஆம் ஆண்டில் ஒரு கிலோவாட் மணி அளவுள்ள லித்தியம் பாட்டரி 1000 டாலருக்கும் மேல் விற்றது. 2024இல் அது சராசரி 115 டாலருக்கு இறங்கிவிட்டது. புதிய வண்டியின் விலை இறங்கும்போது பழைய வண்டியின் விலையும் அதன் பின்னாலேயே இறங்குகிறது. போதாக்குறைக்கு, புதிதாக வரும் வண்டி ஒரே சார்ஜில் இன்னும் நெடுந்தூரம் ஓடுகிறது. பழையதை யார் கேட்பார்?

தனி மனிதர்கள் மட்டும் கணக்குத் தவறியதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் வாடகைக் கார் தொழிலில் பெயர் பெற்ற ஹெர்ட்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் ஒரு லட்சம் டெஸ்லா கார்களுக்கு ஆர்டர் கொடுப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் தன்னிடமிருந்த சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிடப் போவதாக அறிவித்தது. மறுவிலை சரிந்ததும், விபத்துப் பழுதுக்கான செலவு கூடியதுமே காரணம். கணக்கரும் நிபுணரும் நிறைந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கார் வாங்கிய குடும்பத் தலைவர் தம்மை அறிவிலி என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். வாங்கிய மறுநாள் விலை குறைந்தால், வாங்கியவருக்கு அநீதி நிகழ்ந்துவிட்டதா?

2023 ஜனவரி 6ஆம் தேதி சீனாவில் டெஸ்லா நிறுவனம் தன் மாடல் 3 காரின் தொடக்க விலையை 2,65,900 யுவானிலிருந்து 2,29,900 யுவானாகக் குறைத்தது. அரசின் மானியம் 2022 டிசம்பரோடு முடிகிறதென்று சில வாரங்களுக்கு முன்புதான் பலர் அவசரமாக வாங்கியிருந்தார்கள். அவர்கள் கொதித்தெழுந்து ஷாங்காய் முதலிய நகரங்களில் அந்நிறுவனத்தின் விற்பனை நிலையங்களில் திரண்டு நஷ்டஈடு கேட்டார்கள். அவர்கள் மனவேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் நியாயம் எப்பக்கம்?

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அல்லாஹ்வின் கையில் இருப்பதென்று கூறி, பெருமானார் அவர்கள் அதற்கு இணங்கவில்லை. யாருடைய பொருளிலும் அநீதி செய்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. விலை ஏறும்போது வாங்குபவனுக்காக விற்பவன் கையைக் கட்டுவது எப்படி நியாயமில்லையோ, அப்படியே விலை இறங்கும்போது முன்பு வாங்கியவனுக்காக விற்பவன் கையைக் கட்டுவதும் நியாயமில்லை. மேலும், பொருளுக்குப் பொறுப்பேற்றவருக்கே அதன் ஆதாயமும் உரியது என்பது ஹதீஸிலிருந்து நம் இமாம்கள் எடுத்த அடிப்படை விதி. வாங்கிய மறுநாள் விலை ஒரு லட்சம் ஏறியிருந்தால், அந்த ஒரு லட்சத்தை எடுத்துக்கொண்டு யாராவது கடைக்காரரைத் தேடிப் போயிருப்பாரா? ஏற்றம் நமக்கு என்றால் இறக்கமும் நமக்கே!

ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு. நாளை விலை இறங்கப் போவதை அறிந்துகொண்டே, "நாளைக்கு ஏறிவிடும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லி விற்றால் அது வியாபாரத் திறமையன்று, அது மோசடி. ஒரே சார்ஜில் 200 கிலோமீட்டர்தான் ஓடும் என்று அறிந்தவர் 300 ஓடும் என்று உறுதி சொன்னாலும் அப்படித்தான். விலை இறக்கத்தால் வரும் வருத்தம் வேறு. ஏமாற்றப்பட்டதால் வரும் வருத்தம் வேறு. முன்னதற்குப் பொறுமை மருந்து. பின்னதற்கு நியாயம் கேட்கும் உரிமை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் விற்றவரையும் பழிப்பார்; தம் நிம்மதியையும் இழப்பார்.

இப்பொழுது வருந்துபவர் தம் உள்ளத்தை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "நாம் இதை ஏன் வாங்கினோம்? ஓட்டவா, விற்கவா?"

ஜக்காத்தின் சட்டங்களில் இதற்கு அருமையான விளக்கம் இருக்கிறது. வியாபாரச் சரக்கு வேறு, சொந்தப் புழக்கத்துக்கு வைத்துக்கொண்ட பொருள் வேறு என்று ஷரீஅத் பிரித்திருக்கிறது. வியாபாரச் சரக்குக்கு ஆண்டு முடிவில் சந்தை விலை மதிப்பிட்டு ஜக்காத் கொடுக்க வேண்டும். வீட்டில் புழங்கும் வண்டிக்கு ஜக்காத் இல்லை. அதன் சந்தை விலையை மார்க்கம் நம்மிடம் கேட்பதே இல்லை! இன்னும் ஒரு நுட்பம் பாருங்கள். வியாபாரச் சரக்கைச் சொந்தப் புழக்கத்துக்கென்று நிய்யத் செய்த மாத்திரத்தில் அது புழக்கப் பொருளாகிவிடுகிறது. புழக்கப் பொருளோ வெறும் நிய்யத்தால் சரக்காகிவிடுவதில்லை என்று ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் சொல்கின்றன. அப்படியிருக்க, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மாதந்தோறும் விலை விசாரித்து, அதைத் தம் மனத்துக்குள் சரக்காக்கிக்கொண்டு துயரப்படுவானேன்?

புழக்கப் பொருளின் கணக்கு அதன் பயனில் இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால், 100 ரூபாய் விலையில் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 66,000 ரூபாய் ஆகும். மின்சாரத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால், வீட்டில் 8 ரூபாய் கட்டணத்தில் 12,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான்கு ஆண்டுகளில் மிச்சம் 2 லட்சத்துக்கும் மேல். விற்கும்போது குறைந்த தொகையை மட்டும் எண்ணி, மாதாமாதம் கையில் தங்கிய தொகையை எண்ணாமல் விடுவது கணக்கும் அன்று, நன்றியும் அன்று. அதே சமயம், மாதம் இருநூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவர், அல்லது சொந்தமாகச் சார்ஜ் போட இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர், ஊரார் வாங்குகிறார்கள் என்று வாங்கியிருந்தால், அவருடைய வருத்தத்தில் பாடம் இருக்கிறது. வாங்கும் முன் மஷ்வராவும் இஸ்திகாராவும் செய்யச் சொன்னது இதற்காகத்தானே!

பயன் தருவதில் முயற்சி எடுத்து, அல்லாஹ்விடம் உதவி தேடும்படியும், ஏதேனும் நேர்ந்துவிட்டால் "இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே" என்று புலம்பாதிருக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்த "இருந்தால்" என்ற சொல் ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று எச்சரித்தார்கள். கைநழுவியதற்காகக் கவலையில் மூழ்காமலும், கிடைத்ததற்காகக் கர்வம் கொள்ளாமலும் இருக்கும் மனநிலையைத் திருமறையின் சூரத்துல் ஹதீத் நமக்குக் கற்பிக்கிறது. பாவத்துக்காக வருந்துவது தவ்பாவின் உயிர். பணம் குறைந்ததற்காக வருந்துவது தவ்பா ஆகாது. ஆனால் அந்த வண்டியைப் பெருமைக்காக வாங்கியிருந்தால், வட்டிக் கடனில் வாங்கியிருந்தால், அதற்காக வருந்தட்டும். அந்த வருத்தம் பலன் தரும். மறுவிலை குறைந்ததை நினைத்து உறக்கம் கெடுபவர், வட்டியை நினைத்து ஒரு நாளும் உறக்கம் கெடவில்லையென்றால், நோய் எங்கே இருக்கிறது என்பதை அவரே அறிந்துகொள்ளலாம்.

சகோதரர்களே! இதுவரை சொன்னது மனத்தோடு முடியும் வருத்தம். இனிச் சொல்லப் போவது ஆகிரத்து வரைக்கும் தொடரக்கூடியது. வருந்துபவர் ஒரு நாள் வண்டியை விற்கப் புறப்படுகிறார். பாக்கிக் கடனோ வண்டியின் விலையை மிஞ்சி நிற்கிறது. அப்போது ஷைத்தான் காதில் ஓதுகிறான்: "உன் நஷ்டத்தை வாங்க வருகிறவன் தலையில் கட்டிவிடு. பாட்டரியின் நிலை வெளியே தெரியவா போகிறது?"

உண்மையில் தெரியாதுதான். பெட்ரோல் என்ஜினின் கோளாறு சத்தத்திலும் புகையிலும் ஓரளவு தெரிந்துவிடும். பாட்டரியோ மூடிய பெட்டி. அதில் எவ்வளவு கொள்ளளவு தேய்ந்தது என்பதைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கடும் வெப்பம் பாட்டரிக்குப் பகை. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் லீஃப் காரின் பாட்டரியில் திரவக் குளிர்ச்சி அமைப்பு இல்லை. அமெரிக்காவின் அரிஸோனா வெயிலில் அது விரைவில் தேய்ந்ததாக 2012இல் உரிமையாளர்கள் முறையிட்டார்கள். பார்வைக்கு அவ்வண்டிகள் பளபளவென்றுதான் இருந்தன.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். மதீனத்துக் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணலார் அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கடிந்துரைத்தார்கள். மழையைப் பெய்வித்தது அல்லாஹ். அதில் வியாபாரி மீது குற்றமில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மறைத்ததுதான் குற்றம். அதுபோலவே பாட்டரி தேய்ந்தது குற்றமன்று. தேய்ந்ததை மறைப்பது குற்றம்.

எதைச் சொல்ல வேண்டும்? அந்த இனப் பொருளில் பொதுவாக இல்லாததும், விலையைக் குறைப்பதுமான குறையே ‘ஐப்’ என்று பிக்ஹு நூல்கள் வரையறுக்கின்றன. நான்கு வயது பாட்டரி சிறிதளவு தேய்ந்திருப்பது எல்லா வண்டிக்கும் பொதுவானது. அதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தால், வெள்ளத்தில் நின்றிருந்தால், விபத்தில் அடிப்பாகம் அடிபட்டிருந்தால், உத்தரவாதம் முடிந்திருந்தால் அல்லது அடுத்தவருக்கு மாறாதென்றால், கேளாமலே சொல்லிவிட வேண்டும். விற்பவர் சொல்லாவிட்டால், அறிந்த மூன்றாம் மனிதரும் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். புரோக்கர்களும் மெக்கானிக்குகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

"உண்மையைச் சொன்னால் விலை குறையுமே" என்பார்கள். மறைப்பதால்தான் விலை குறைகிறது என்பதை அவர்கள் அறியவில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்தே இதை விளக்கினார். எது நல்ல வண்டி, எது கெட்ட வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் எல்லா வண்டிகளையும் சந்தேகித்து எல்லாவற்றுக்கும் விலையைக் குறைக்கிறார். அதனால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுகிறார். அவருக்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒளிவுமறைவின்றி உண்மை பேசும் இருவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் விற்பவர், வாங்குபவர் இருவரோடு நிறுத்திவிடுகிறோம். ஒருவர் மறைத்தால் ஊரிலுள்ள உண்மையாளர்களின் வண்டிக்கும் சேர்த்துத்தான் விலை சரிகிறது. மறுவிலை குறைந்ததே என்று அழுபவர், அதைக் குறைக்கும் வேலையைத் தாமே செய்யலாமா?

இறுதியாக, நாம் மறந்துவிட்ட ஒரு சுன்னத்தைச் சொல்லி முடிப்போம். அதற்கு ‘இகாலா’ என்று பெயர். வியாபாரம் முறைப்படி முடிந்தபின் வாங்கியவர் மனம் வருந்தி வந்தால், விற்றவர் இரக்கப்பட்டு அதே விலைக்கு ஒப்பந்தத்தை ரத்துச் செய்து ஏற்றுக்கொள்வது. இது கடமையன்று, கேட்பவருக்கு உரிமையுமன்று. ஆனால் அப்படி ஏற்றுக்கொள்பவரின் தவறுகளை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்று நபிமொழி நற்செய்தி சொல்கிறது. மஹல்லாவில் ஒருவர் பழைய வண்டியை விற்கிறார். மறுநாள் காலை, வாங்கியவர் வாடிய முகத்தோடு வாசலில் நிற்கிறார். "கையெழுத்துப் போட்டாகிவிட்டது, போய் வாரும்" என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஈமான் இடம் கொடுக்கிறது. வாங்கிய வருத்தத்தை ஒரு முறை அனுபவித்தவரைவிட அந்த வாடிய முகத்தை அறிந்தவர் யார்?

விலை ஏறும்போதும் இறங்கும்போதும் நேர்மை தவறாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.