சாட்சிக் கையெழுத்து

காணி உறுதியின் கடைசிப் பக்கத்தில் வரும் வாசகம் எனக்கு மனப்பாடம். கையெழுத்திட்டவரை நன்கு அறிவோம், அவருடைய சரியான பெயர், தொழில், வதிவிடம் எமக்குத் தெரியும் என்று இரண்டு சாட்சிகள் சொல்வதாக இருக்கும். கீழே பெரும்பாலும் கந்தோர் ஆட்களின் பெயர்கள்தான். ஒன்று டைப் அடிக்கிற அக்கா. இன்னொன்று நான். கண்டியில் பெரிய கைகள் வந்துபோகும் சட்டத்தரணி கந்தோர் ஒன்றில் கிளாக்கர்.

நன்கு அறிவது என்றால் என்ன என்று சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது சில நாள் யோசிப்பேன். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்திருப்பேன், அடையாள அட்டையைக் கொப்பி எடுத்திருப்பேன். காணியை விற்கிறவர் பேனாவைக் கையில் வாங்கியதும் கொஞ்சம் தாமதிப்பார். வாங்குகிறவர் தாமதிப்பதில்லை. நொத்தாரிசுக்கு ஆளைத் தெரிந்திருந்தால் சட்டத்துக்கு அதுவே போதும். ஆனாலும் அந்த வாசகத்தின் கீழே கையெழுத்து என்னுடையது.

*

இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது 1840ஆம் வருஷத்து 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணி கைமாறுவது எழுத்தில், நொத்தாரிசு முன்னால் நடக்க வேண்டும் என்றது. அதே வருஷத்து 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் யாருடையவை என்று நிரூபிக்கப்படாதவரை முடிக்குரியவை என்றது. கண்டிச் சீமையில் சேனை வெட்டிப் பயிரிட்டவனிடம் சன்னசு என்ற அரச பட்டயத்தைக் கேட்டது. காட்ட முடியாதவர்களின் மேடுகளில் காப்பி வந்தது, பிறகு தேயிலை. எங்கள் பன்விலவுக்கு மேலே நக்கிள்ஸ் மலைப்பக்கமும் அப்படி மாறிய சரிவுகள்தான்.

கொழும்பில் எஃப். ஜே. அன்ட் ஜி. த சேரம் நிறுவனம் தொடங்கியது 1841இல். ஜூலியஸ் அன்ட் கிரீசி 1879இல். இன்றைக்கும் நாட்டின் பெரிய சட்ட நிறுவனங்கள். நிலம் காகிதமாகிவிட்ட நாட்டில் காகிதம் பார்க்கிறவர்களுக்கு வேலை குறையாது என்று நான் நினைத்துக்கொள்வேன். பங்காளர்களின் பெயர் பித்தளைப் பலகையில் இருக்கும். கிளாக்கரின் பெயர் காணிப் பதிவகத்துக் கட்டுகளுக்குள் இருக்கிறது. எது அதிக நாள் நிற்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், பதிவகத்தின் பக்கம்தான் கட்டுவேன். கறையான் அனுமதித்தால்.

*

பழைய கண்டி உறுதிகளைக் கையில் எடுத்தால் வேலை மெதுவாகிவிடும். காணியின் அளவு அதில் ஏக்கரில் இல்லை. ஒரு பெலை நெல் விதைப்பு, இரண்டு லாஹ குரக்கன் விதைப்பு. எவ்வளவு விதை அங்கே விழுமோ அவ்வளவு நிலம். தாராளக் கைக்காரனுக்கும் சிக்கனக்காரனுக்கும் ஒரே வயல் இரண்டு அளவாகியிருக்குமே என்று நினைப்பேன். இப்போது நில அளவையாளரின் பிளான், ரூட், பேர்ச். சண்டை குறைந்ததாகத் தெரியவில்லை.

*

மரண சாசனம் எழுதும் நாள் வேறு மாதிரி. நொத்தாரிசு இருந்தால் சாட்சிகள் இருவர். அவர் இல்லாமல் எழுதினால் ஐவர் வேண்டும். எழுதியவர் இறந்த பிறகு சாசனத்தை மறுத்து யாராவது வழக்காடினால் சாட்சியைக் கோட்டுக்கு அழைப்பார்கள். அதனால் முகத்தை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். யாருக்கு எதை எழுதினார் என்பதைக் கதவுக்கு வெளியே கொண்டுபோவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் "என்னப்பா, பெரிய எடத்துல வேல, என்ன விசேஷம்?" என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவேன்.

*

சாட்சியின் பெயருக்குக் கீழே முகவரியும் போட வேண்டும். நான் தோட்டத்தின் பெயரை எழுதி, பன்வில என்று முடிப்பேன். லயத்துக்கு இலக்கம் இருக்கிறது, தெரு இல்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்துதான் எங்களுக்கு வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். 1948ஆம் வருஷத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா எந்த நாட்டுக்காரரும் இல்லை. அப்பாவுக்கு உரிமை கிடைத்தது 1988ஆம் வருஷச் சட்டத்தால். நான் மற்றவர்களின் காணிக்குச் சாட்சி. இதில் எனக்குக் கசப்பு என்று சொல்ல முடியாது. சில நாள் இருக்கும். பேனா கைக்கு வரும்போது இருப்பதில்லை.

*

ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் முந்திய மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகள் பட்டியலோடு பதிவகத்தில் சேர வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு.

போன ஞாயிறு பக்கத்து லயத்து அண்ணன் அரசாங்கம் கொடுத்த காணிக் காகிதம் ஒன்றை பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தார். 7 பேர்ச் என்று தெளிவாக இருந்தது. "இது ஒறுதிதானே தம்பி?" என்றார். முத்திரை இருந்தது. எல்லைகள் நான்கில் ஒன்றும் இல்லை, பிளான் இலக்கம் இல்லை, சொந்தம் என்றோ அனுபவிக்கலாம் என்றோ திட்டமாக ஒரு வரியும் இல்லை. "பாத்துதான் சொல்லணுங்கண்ணே" என்றேன். அரசாங்கம் கொடுக்கும் காகிதத்துக்கு எங்கள் கந்தோர் விதிகள் அப்படியே பொருந்தாது. அதனால் அவசரப்பட்டு இல்லை என்றும் சொல்லவில்லை. கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த மாதக் கட்டோடு பதிவகத்துக்குப் போகும்போது கவுண்டரில் கேட்க வேண்டும்.