மூச்சிரைப்பின் மதிப்பு

சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். 2024இல் ரோப் கார் வந்ததிலிருந்து, நடந்து ஏறியவர்களுக்கும் பெட்டியில் வந்தவர்களுக்கும் இடையே உச்சியில் ஒரு மௌன வழக்கு நடக்கிறது. எதிரே ஆஞ்சநேயரின் சின்ன மலை, அப்பால் வெயிலில் வெளிறும் குன்றுகள். இக்காட்சி வியர்த்தவனுக்கே உரியது என்பது படியேறியவர் கட்சி.

சிரமம்தான் அளவுகோல் என்றால் முதல் வரவு டோலி தூக்கியவர் பெயரில் விழ வேண்டும். (வங்கிக் குமாஸ்தாவுக்கு வேறு உவமை வராது.) இன்னொருவரின் கனத்தையும் சுமந்து அதே படிகளை ஏறியவர் அவர். அவரை யாரும் பக்தராக எண்ணவில்லை, பேரம்தான் பேசினோம். ஆக நாம் மெச்சுவது, ஏறாமலும் இருந்திருக்கலாம் என்கிற வசதியை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரைத்தால் தவம். அவருக்கு இரைத்தால் தொழில்.

மூட்டு தேய்ந்த கிழவி ஒருத்தி பெட்டியிலிருந்து இறங்குகிறாள். குன்றுகளைத் திரும்பியும் பாராமல் நேரே சந்நிதிக்குப் போகிறாள். காட்சி யாருடையது என்ற விவகாரமே அவளுக்கு இல்லை.

ரோப் காரால் யாருடைய கூலி குறைந்திருக்கும் என்று, படிகளின் புனிதம் பேசுகிறவர்களில் ஒருவரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.