லயன் சுவர்: பேணுவதா, இடிப்பதா?

திருகோணமலைக்கு வடக்கே, திரியாயின் கிரிகண்டு விகாரைக் குன்றில், பல்லவ கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிச் சாசனமொன்று உண்டு. அது வணிகரைப் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. அக்குன்றின் தூண்களைச் செதுக்கி ஏற்றியவர்கள் எங்கே உறங்கினர் என்பதற்கோ சுவரொன்றேனும் சான்றில்லை. உழைத்தவன் உறைவிடம் மண்ணாய்ப் போவதே உலக வழமை.

இவ்வழமை அண்மைக்காலத்திலேயே சற்று மாறியது. வட பிரான்சின் நிலக்கரிப் படுகை 2012 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுரங்கத் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட குடியிருப்புகளும் அதனுள் அடங்கும். 1906 இல் கூரியேர் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் மாண்ட நிலம் அது. ஜெர்மனியில் 1846 இல் தொடங்கிய ஐசன்ஹைம் குடியிருப்பை இடிக்க முற்பட்டபோது, 1970களில் அங்கு வாழ்ந்தவர்களே எதிர்த்து நின்று அதனைக் காத்தனர். அவ்வீடுகளுக்குத் தோட்டமும் முற்றமும் இருந்தன என்பது மறக்கற்பாலதன்று.

நம் மலையகத்து லயனுக்கு இவ்வளவுகோல் பொருந்துமா? 10 அடிக்கு 12 அடி அளவினதான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்து லயனொன்று 2007 இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டது. போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் அங்கே காட்சிப்பொருளான அதே காம்பராவிற் பிற தோட்டங்களில் இன்றும் உலை கொதிக்கின்றது. பிரான்சிலே சுரங்கம் 1990 இல் மூடப்பட்ட பின்னரே அதன் நினைவு மரபுரிமையாயிற்று. இங்கோ துன்பம் முடியுமுன்னரே அது பழம்பொருளாகிவிட்டது. பழமையின் அழகைக் கூரை ஒழுகாத வீட்டிலிருந்து வியப்பது எளிது.

அவ்வாறாயின் யாவற்றையும் இடித்துவிடலாமே எனின், அதுவும் தக்கதன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. பல தலைமுறை இம்மண்ணில் வாழ்ந்து உழைத்தார்கள் என்பதற்கு, ஏடுகள் சொல்லாததைப் புகைபடிந்த அச்சுவர்கள் சொல்கின்றன. சாட்சியை அழித்துவிட்டால் வழக்காடுவது எங்ஙனம்?

ஆகவே வினா, பேணுவதா இடிப்பதா என்பதிலும், எது முந்தவேண்டும், யார் முடிவு செய்யவேண்டும் என்பதிலேயே தங்கியுள்ளது. காணியுறுதியும் தனிவீடும் கைக்கு வந்த குடும்பம், தான் விட்டுவந்த லயனை நினைவாக வைத்திருக்க விரும்பின் அது மரபுரிமை. அவை கிட்டாத குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளிச்சுவரைப் பாதுகாப்பது, சிறைக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும். ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி 2015 அளவில் எழுந்து, இன்னும் பலர் வாசலை எட்டவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் இவ்வினாவே எழ இடமில்லாமற் போயிற்று. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க ஏறத்தாழ ஈராண்டு சென்றது.