போனால் போகிற மாதிரி போகணும்

வட கரோலினாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்டோபர் என்றால் ஒரு பக்கம் கொலு, இன்னொரு பக்கம் மலை. ஆஷ்வில் சுற்றுவட்டாரத்தில் இலைகள் நிறம் மாறும் அந்த இரண்டு மூன்று வார இறுதிகளுக்காக, கூடாரம் அடிக்கும் இடங்களை ஆறு மாதம் முன்பே ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பிடித்து வைப்போம். 2024-லும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தோம். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரையேறியது. அங்கிருந்து ஏறக்குறைய 400 மைல் தள்ளியிருக்கும் அப்பலாச்சிய மலைகளுக்கு மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

புயலுக்கு முன்பே மழை கொட்டி மண் ஊறிக் கிடந்தது. பியூசிக் என்ற சிற்றூரில் சில நாட்களுக்குள் 30 அங்குலத்துக்கு மேல் பெய்தது. அந்த மலைச்சரிவுகளில் மண் அதிக ஆழமில்லை. கொஞ்சம் தோண்டினால் பாறை. தண்ணீர் கனத்த மண்ணுக்குப் பாறைமேல் பிடிமானம் போயிற்று. மேலே நின்ற மரங்களைக் காற்று பிடித்து உலுக்க, மரமும் மண்ணும் கல்லுமாகச் சேர்ந்து இறங்கின. 2,000-க்கு மேற்பட்ட நிலச்சரிவுகளை ஆய்வாளர்கள் பின்னால் கணக்கெடுத்தார்கள். ஆஷ்வில்லில் பிரெஞ்ச் பிராட் ஆறு, ஒரு நூற்றாண்டாக எந்த வெள்ளமும் தாண்டாத 1916 வெள்ள அளவைத் தாண்டியது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆஷ்வில் நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கலாம் என்று அறிவிக்க நவம்பர் 18 ஆயிற்று.

இதற்கு நடுவே என்னுடைய முன்பதிவெல்லாம் ஒரு பேச்சா? அது தானாக ரத்தானது, பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கேள்வி பிறகுதான் வந்தது. அடுத்த வசந்தத்தில் நண்பர்கள் குழுவில் ஒருவர், “இந்த வருஷம் மலைக்குப் போகலாமா, வேண்டாமா?” என்று கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு யார் எத்தனை கிலோ கோழி வாங்குவது என்பதுவரை அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

மலையூர்க்காரர்களிடமிருந்தே இரண்டு விதமான குரல் வந்துகொண்டிருந்தது. புயல் முடிந்த கையோடு, மீட்பு வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி இருங்கள் என்றார்கள். சில மாதம் கழித்து, தயவுசெய்து வாருங்கள், நீங்கள் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்றார்கள். இரண்டுமே நியாயமான வேண்டுகோள். இலை பார்க்க வரும் கூட்டத்தை நம்பித்தான் அங்கே உணவு விடுதியும் தங்கும் விடுதியும் மண்பாண்டக் கலைஞரும் ஆப்பிள் தோட்டக்காரரும் வருஷத்தை ஓட்டுகிறார்கள். 2024-இன் அக்டோபர் அவர்களுக்கு இல்லாமலே போனது. ஆகவே மரியாதைக்காக வராமல் இருந்துவிடுகிறோம் என்று சொல்வதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது: நம் கையிலிருந்து எதுவும் செலவாவதில்லை.

தென்காசி பக்கம் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “ஏய்யா, எழவு விழுந்த வீட்டுக்கு வேடிக்கை பாக்கவா போற?” என்றாள். அதோடு விட்டிருந்தால் எனக்கும் வேலை மிச்சம். கொஞ்ச நேரம் வேறு கதை பேசிவிட்டு, “போகாம இருந்தாலும் தப்புதான். போனா போற மாதிரி போகணும்” என்றாள்.

துக்க வீட்டுக்குப் போகிற முறை நமக்கு யாரும் பாடமெடுத்து வந்ததல்ல. கல்யாணத்துக்கு வராதவனை ஊர் மன்னித்துவிடும், துக்கத்துக்கு வராதவனை மன்னிக்காது. போனவன் உபசாரம் எதிர்பார்க்கமாட்டான். அந்த வீட்டின் அன்றைய ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டான். கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து நடப்பான். போவதா வேண்டாமா என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்த இடத்தில், எப்படிப் போவது என்ற கேள்வியை அம்மா தூக்கி வைத்துவிட்டாள். அந்த எப்படி என்பதில்தான் பயணத் திட்டம் என்ற சாதாரண விஷயம் முழுசாக மாறிப்போயிற்று.

புயலுக்கு முன்பு நான் திட்டம் போட்டது எப்படி? கைப்பேசியைத் திறந்தால் பாதை கோடாகத் தெரியும். தூரம், ஏற்றம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருக்கும். எனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை, மலை அதை மறுத்துப் பேசியதில்லை. புயலுக்குப் பிறகும் கைப்பேசியில் அதே கோடு இருக்கிறது. சரிவோடு இறங்கிப்போன ஓர் இடத்தில் அந்தக் கோடு இப்போது அந்தரத்தில் ஓடுகிறது. அரை மணியில் நடந்த ஒரு மைலில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்திருந்தால், ஏறி, குனிந்து, சுற்றி, முள்ளில் மாட்டி, அதற்கே இரண்டு மணி நேரம் போகும். ஆகையால் இத்தனை மைல் போவோம் என்று இப்போது நாங்கள் சொல்வதில்லை. எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அருவி பார்க்காமல் திரும்புவதும் திட்டத்துக்குள் அடக்கம்.

ஓடைகள் இன்னும் மோசம். நடைபாலம் இருந்த இடத்தில் இரண்டு கல்தூண் மட்டும் நிற்கும். ஓடையே இடம் மாறிப் புதுத் தடத்தில் ஓடும். கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை பிடித்தால், காலையில் கணுக்கால் நனைத்த தண்ணீர் சாயங்காலம் இடுப்புக்கு வந்துவிடலாம். போகும்போது கடந்த ஓடையை வரும்போதும் கடக்க வேண்டுமே என்பது திட்டத்தில் எழுத வேண்டிய முதல் வரி.

பெரிய அளவிலும் இதே கதைதான். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 2,190 மைலுக்கு மேல் ஓடும் அப்பலாச்சியன் நடைபாதையில் 400 மைலுக்கு மேல் இந்தப் புயலில் அடிபட்டது. டென்னசியில் எர்வின் ஊருக்கு அருகே நோலிசக்கி ஆற்றின்மேல் அந்தப் பாதை கடந்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. 2025 வசந்தத்தில் நீண்ட நடைக்காரர்கள் வந்தபோது அவர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். எத்தனையோ நூறு மைல் காலாலேயே கடக்க வேண்டும் என்று விரதம்போலப் புறப்பட்டவர்கள், ஆற்றங்கரையில் தங்கள் முறைக்குக் காத்து நின்றிருக்கிறார்கள். எனக்கு அந்தப் படகு பிடித்திருந்தது. பாலம் வரும்வரை ஊரை மூடிவைக்காமல், பாலம் இருப்பதாகப் பாசாங்கும் செய்யாமல் ஒரு வழி.

பாதை மூடப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாரிகள் பயந்தே மூடுகிறார்கள், உள்ளே போனால் ஒன்றும் இல்லை என்று சொல்லும் தைரியசாலி எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. மூடிய சாலை காலியாக இருப்பதாக அவருக்கு நினைப்பு. 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலையைப் புயலுக்குப் பின் முழுவதுமாக மூடினார்கள். வட கரோலினாப் பகுதியில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் சரிவு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மண் அள்ளும் இயந்திரமும், சரிவில் கயிற்றில் தொங்கும் ஆளும், பாரம் ஏற்றிய லாரியும் இருக்கும். வளைவில் சைக்கிளில் திடீரென்று தோன்றும் நம்மை அந்த லாரிக்காரர் எதிர்பார்த்திருக்கமாட்டார். குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதுவார், திட்டிக்கொண்டே எல்லோரும் வெளியே வருவோம். இங்கே விசில் ஊத ஆளில்லை. பெரும்பாலான காடுகளுக்குள் யாரிடமும் கேட்காமல் நடந்து போய்விடலாம். அதனால் விசிலும் நம் வாயிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. முந்தின நாள் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவதை இப்போது பழக்கமாக்கிக்கொண்டேன். எதிர்முனையில் பேசுகிறவர் பெரும்பாலும் அந்தப் பாதையை அந்த வாரமே நடந்தவராக இருப்பார். எந்தச் செயலியும் அந்த அளவுக்குப் பேசாது.

கூடாரம் அடிக்கும் இடமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் தரையைத்தான் பார்ப்போம்: சமமா, கல் இருக்கிறதா, தண்ணீர் பக்கமா. இப்போது முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒடிந்து மற்றக் கிளைகளில் சிக்கித் தொங்கும் கொம்புகள் உண்டு. வேர் பாதி அறுந்து, பச்சையிலையோடு ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்கும் மரங்கள் உண்டு. அவை விழப் புயல் வேண்டாம். ஓர் ஆண்டு கழித்து, காற்றே இல்லாத ராத்திரியில்கூட விழும். நிழலான, ஓடையோரத்து, படம் எடுக்கத் தோதான இடங்களைத்தான் இப்படிப் பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சுவது பெரும்பாலும் கழிப்பறைக்குப் பக்கத்து இடம். பிள்ளைகளுக்கு அதில் வருத்தமில்லை.

லின்வில் பள்ளத்தாக்கைப் பற்றி நண்பர் ஒருவருக்கும் எனக்கும் தீராத வாக்குவாதம். அது 1964 வனாந்தரச் சட்டத்தின்கீழ் வரும் காடு. பொதுவிதிப்படி அங்கே மோட்டார் பொருத்திய ரம்பத்துக்கு அனுமதியில்லை. விழுந்த மரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் பழைய ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். வேலை செய்கிறவர்களில் பலர் சம்பளமில்லாத தொண்டர்கள். “ஆயிரக்கணக்கான மரம் விழுந்து கிடக்கு, இதென்ன கிறுக்குத்தனம்?” என்பது நண்பரின் கட்சி. அவசரத்தில் விலக்கு கொடுப்பது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எனக்காக ஒரு பாதை சீக்கிரம் திறக்கவில்லை என்பது அவசரத்தில் சேருமா? ஆள் மாட்டிக்கொண்டிருந்தால் அவசரம். எனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அவசரம் இல்லை.

மலை பழைய நிலைக்கு எப்போது திரும்பும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பழைய நிலைக்கு? பார்க்வே சாலையோரத்தில் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸ் என்று ஓர் இடம். இரண்டு அருவி, திறந்த புல்வெளி, கோடை முடிவில் நீலப்பழம் பறிக்கக் கூட்டம் அலைமோதும். கல்லறை வெளி என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை, முன்னொரு காலத்தில் பெருங்காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்து, பாசி படிந்த மேடுகள் கல்லறைகள்போல் தெரிந்தன என்பது. கதை எப்படியோ, 1925-இல் அங்கே எரிந்த பெருந்தீ நிஜம். அடர்காடு திரும்பாமல் வெட்டவெளியாகவே நின்றதால்தான் நமக்கு அந்தக் காட்சியும் அந்தப் பழமும். அதைச் சுற்றியுள்ள பிஸ்கா தேசியக் காடு அமைந்தது 1916 அக்டோபரில், அந்தப் பழைய பெருவெள்ளம் வந்து மூன்றே மாதத்தில். ஆதிகாலத்துக் காடு என்று நாம் வாய்பிளக்கும் இடங்களில் பலவும் மரவெட்டிகள் மொட்டையடித்துப் போன பின் முளைத்தவை. இன்றைய சரிவுத் தழும்பிலும் வெயில் விழுந்து பிளாக்பெரிப் புதர் ஏறும், பின்னாலேயே கரடி வரும்.

மலைக்கு அவசரமில்லை. மீள வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள்: வீடு போனவர்கள், கடை போனவர்கள், ஆற்றங்கரை நிலமே போனவர்கள். சிம்னி ராக் பூங்கா 2025 ஜூன் கடைசியில் திறந்தது. கிழக்கு அமெரிக்காவில் மிக உயரமான, 6,684 அடி மவுண்ட் மிட்சல் பூங்காவுக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. பூங்கா திறந்த செய்தியைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று மகிழ்கிறோம். பூங்காவுக்குப் போகும் வழியில் இடிந்த வீட்டின் முன் காரை நிறுத்திப் படமெடுப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

விழுந்த மரங்கள் அப்படியே காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 மார்ச் பதில் சொன்னது. போல்க் கவுன்டியில் மூண்ட காட்டுத்தீக்களுக்குப் புயல் சாய்த்த மரங்களே விறகாயின. தேனிப் பக்கத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்ததை மறந்திராத எவரும், சுள்ளி காய்ந்த பருவத்தில் நெருப்பு மூட்டாதே என்ற அறிவிப்பை லேசாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இரவில் நெருப்பைச் சுற்றி உட்காராமல் கூடார வாழ்க்கை ஏது என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். சிறிய எரிவாயு அடுப்பில் தேநீர் போட்டோம். ருசியில் குறையொன்றும் இல்லை.

கடைசியில் செலவுக் கணக்கு. இந்தக் குளிர்காலத்தில் அடுத்த பயணத்துக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: நாம் மலைக்குப் போவது ஒரு முழு சமையலறையைத் தூக்கிக்கொண்டு. மசாலா தடவிய கோழி, கரி, தண்ணீர் பாட்டில், பழம், ரொட்டி, எல்லாம் நாங்கள் குடியிருக்கும் கேரி ஊரிலேயே வாங்கி ஏற்றி, மலையில் ஒரு காசு விழாமல், குப்பையை மட்டும் அங்கே போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம். துக்க வீட்டுக்குப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போவதில்லையே. ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரித்தோம்: அங்கே வாங்குவது ஒன்று, இங்கிருந்து கொண்டுபோவது இரண்டு. விறகு அங்கேதான் வாங்க வேண்டும். வெளியூர் விறகோடு மரந்தின்னிப் பூச்சிகள் வந்துவிடும் என்பதால் அது ஏற்கெனவே உள்ள அறிவுரையும்கூட. கரி, காய், பழம், முட்டை, ரொட்டி, ஐஸ் அங்கே. ஒரு வேளைச் சாப்பாடு ஊருக்குள் விடுதியில். ஒரு ராத்திரி கூடாரம், ஒரு ராத்திரி சிறிய தங்கும் விடுதி. கோழி பற்றி விவாதம் நடந்தது. அதுவும் அங்கேதான் என்று முடிவாயிற்று, மசாலாப் பொடி மட்டும் இங்கிருந்து.

“இட்லி மாவு?” என்றேன்.

“அதுக்கு அங்க யாரு கடை வச்சிருக்கா?” என்று சொல்லிவிட்டு, என் மனைவி அதை இரண்டாவது பட்டியலில் முதல் வரியாக எழுதினாள்.